தோட்டத்தில் காற்றின் ஒலியை எப்படி அமைப்பது? மோல்மேனிலிருந்து ஒரு கேள்வி

மல்லிகைப்பந்தல் (மோல்மேன்), நவம்பர் 14

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மியன்மாரின் மோல்மேன் நகரில், குன்றின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், குன்றைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 40 அடிக்கு 30 அடி அளவில் ஒரு தோட்டம் உண்டு. அப்பா மர அறுவை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். தேக்குப் பலகையை விரல் கணுவால் தட்டி, அது காய்ந்திருக்கிறதா, உள்ளே வெடிப்பு ஓடியிருக்கிறதா என்பதை ஒலியைக் கேட்டே சொல்லிவிடுவார். கண்நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாலை நான்கு மணி முதல் விளக்கேற்றும் நேரம் வரை தோட்டத்துப் பலா மரத்தடியில்தான் அமர்ந்திருப்பார்.

குளிர்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது குன்றின் மேலுள்ள கியைக்தன்லன் பகோடா என்னும் புத்தக் கோவிலின் உச்சிக் குடையில் தொங்கும் சிறு மணிகளின் ஒலி எங்கள் தோட்டம் வரை இறங்கி வரும். அப்பா ஆண்டு முழுவதும் அதற்காகவே காத்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை. மே மாத நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அந்த ஒலி அற்றுப்போகிறது. பிறகு ஐந்து மாதங்களுக்கு அந்தத் தோட்டம் அவருக்கு ஈரமும் கொசுவும் மட்டுமே உள்ள இடமாகிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று எண்ணி, கடையிலிருந்து எட்டு அலுமினியக் குழல்கள் கொண்ட ஒரு காற்றுமணியை வாங்கி, அவருடைய நாற்காலிக்கு மேலிருந்த கிளையிலேயே கட்டினேன். இரண்டாம் நாளே அதை அவிழ்த்துவிடச் சொன்னார். "கடைத்தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதம்மா" என்றார். அவர் சொன்னது சரிதான் என்பது எனக்கும் புரிந்தது. ஆனால் எது தவறாகப் போனது என்பதுதான் புரியவில்லை. எந்த ஒலியை, எந்த இடத்தில், எத்தனை வைத்தால் தோட்டத்துக்கு ஓர் அமைதி கூடும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

சவுக்குத்தோப்பு (தன்லியின்), நவம்பர் 15

அம்மா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பகோடா மணியை உங்கள் தந்தை விரும்புவதற்கும் குழல்மணியை வெறுப்பதற்கும் ஒரே காரணம்தான். முன்னது எப்போதாவது ஒலிக்கிறது. பின்னது ஓயாமல் ஒலிக்கிறது. இரண்டு ஒலிகளுக்கு நடுவே விழும் இடைவெளியில்தான் கேட்பவருடைய மனம் தங்குகிறது. அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. நான் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சிறிது கணக்கோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தகட்டின் மீது காற்று செலுத்தும் விசை, காற்றின் வேகத்தினுடைய இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கடையில் விற்கும் குழல்மணிகளின் அடியில் தொங்கும் தகடு, மெல்லிய காற்றிலும் ஒலித்து வாங்குபவரைக் கவர வேண்டும் என்பதற்காகப் பெரிதாகவே வெட்டப்பட்டிருக்கும். இலை மட்டும் அசையும் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அது இனிமையாகப் பேசும். சிறு கிளைகளும் அசையத் தொடங்கும் 5 மீட்டர் வேகத்தில் அதே தகடு ஆறு மடங்குக்கும் மேலான விசையில் இழுக்கப்பட்டு, எட்டுக் குழல்களையும் ஒன்றாக உலுக்கிவிடும். ஆகவே குளிர்காலத்துக்கு ஒரு தகடு, பருவக்காற்றுக்கு அதில் பாதிக்கும் குறைவான இன்னொரு தகடு என்று மாற்றிக் கட்டுவதே முறை.

மழைக்காலத்தில் பகோடா மணி உங்களுக்குக் கேட்காததற்குக் காரணம் அது ஒலிக்காமல் இருப்பதன்று. தரையையொட்டிக் காற்றின் வேகம் குறைவாகவும் உயரே கூடுதலாகவும் இருப்பதால், காற்றோடு சேர்ந்து செல்லும் ஒலி தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, நம் தலைக்கு மேலே கடந்துபோய்விடுகிறது. உங்கள் குன்று கிழக்கே இருக்கிறது. மழைக்காலக் காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. அந்த ஐந்து மாதங்களுக்கு வேண்டிய ஒலியை நீங்கள் தோட்டத்துக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாடிவீட்டுவாசி (ரங்கூன்), நவம்பர் 15

நான் எதிர்க்கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் சந்தில் எதிர்வீட்டு மாடியில் குழல்மணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மின்சாரம் நின்ற இரவுகளில், விசிறியின் இரைச்சலும் ஜெனரேட்டர்களின் இரைச்சலும் அடங்கிய பிறகு, அந்த ஒலி ஒன்றே காதுக்குள் நுழைந்துகொண்டிருக்கும். நோயாளியான என் மாமியார் ஒரு கோடைக்காலம் முழுவதும் சரியாக உறங்கவில்லை. ஒருவருடைய தோட்டத்து இன்பம் வேலியோடு நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே யாரும் மறந்துவிடக் கூடாது.

ஒலி வேண்டுமென்றால் மரம் நடுங்கள். அரச மரத்தின் இலைக்காம்பு நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், மற்ற மரங்கள் அசையாத காற்றிலும் அதன் இலைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு மழை தூறுவதுபோல் ஒலிக்கும். சவுக்கு இருந்தால் கடல் இரைவதுபோலக் கேட்கும். மோல்மேனுக்குத் தெற்கே செட்செ கடற்கரையில் நின்றவர்களுக்கு, எது அலையின் ஒலி, எது சவுக்கின் ஒலி என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும். காய்ந்த பனையோலையின் சலசலப்பையோ பழமொழியே அறிந்து வைத்திருக்கிறது. பனங்காட்டு நரிதான் அதற்கு அஞ்சாதாம். இவையெல்லாம் காற்று அடங்கும்போது தாமும் அடங்குகின்றன. யாருடைய உறக்கத்தையும் உலோகம்போல் குத்திக் கெடுப்பதில்லை.

சவுக்குத்தோப்பு (தன்லியின்), நவம்பர் 16

மாடிவீட்டு அம்மா சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். சவுக்கைப் பற்றி மட்டும் ஒரு சொல் சேர்க்கிறேன். அதன் பச்சைக் குச்சிகள் நூல்போல் மெல்லியவை. அப்படிப்பட்ட ஒன்றைக் கடந்து காற்று செல்லும்போது, அதன் பின்புறத்தில் இருபக்கமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிகின்றன. அந்தச் சுழல்களே ஒலியை எழுப்புகின்றன. இதைச் செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரூகல் 1878 இல் அளந்து காட்டினார். காற்றின் வேகத்தைக் குச்சியின் தடிமனால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால், நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது கிடைக்கும். 0.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியில் நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று பட்டால் ஏறத்தாழ 850 அதிர்வுகள் எழும். காற்று விரைந்தால் ஒலி உயரும்; தளர்ந்தால் தாழும். சவுக்குத் தோப்பு பெருமூச்சு விடுவதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான். ஆனால் இன்று நடும் கன்று அந்த அளவுக்கு வளர ஆண்டுகள் ஆகும்; இந்த அம்மாவின் தந்தைக்கு ஒலி அடுத்த மழைக்காலத்திலேயே வேண்டும்.

வார்ப்புப்பட்டறை (மாண்டலே), நவம்பர் 17

தம்பாவடிப் பகுதியில் வெண்கல வார்ப்புத் தொழிலோடு பழகியவன் என்ற முறையில் மணியைப் பற்றிச் சில சொல்கிறேன். நல்ல மணி வெண்கலத்தில் நூற்றுக்கு 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். வெள்ளீயம் குறைந்தால் ஓசை மந்தமாகும். கூடினால் மணி எளிதில் விரிசல் விடும். விலை மலிவான பித்தளை மணிகள் 'டிங்' என்று தொடங்கி உடனே இறந்துபோவது கலவை மாறுவதால்தான்.

இதைவிட முக்கியமானது மணியின் நாக்கில் கட்டிய இலை. பகோடா மணியின் நாக்கிலிருந்து அரசிலை வடிவத்தில் ஒரு மெல்லிய தகடு தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் நினைவாக அந்த வடிவம் வந்தது. ஆனால் அது செய்யும் வேலையையும் கவனிக்க வேண்டும். தட்டையான இலை நூலில் தொங்கும்போது மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். விளிம்பு காற்றைப் பார்த்திருக்கும் நேரத்தில் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, மணி பேசுவதில்லை. முகம் காற்றைப் பார்த்த நொடியில் இலை தூக்கப்பட்டு நாக்கு ஒருமுறை தட்டுகிறது. முன்னே தன்லியின் ஐயா சொன்ன இடைவெளி இப்படித்தான் பிறக்கிறது. வட்டமான தகட்டுக்கு நான்கு நூல் கட்டித் திரும்பவிடாமல் செய்தால் அந்த அழகு போய்விடும். உங்கள் குழல்மணியின் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒற்றை நூலில் ஒரு சிறிய இலைத்தகட்டைக் கட்டிப் பாருங்கள்.

மூங்கில்கரை (பெகு), நவம்பர் 18

மல்லிகைப்பந்தல் அக்காவுக்கு வணக்கம். மரத்தோடு வாழ்ந்த ஒரு மனிதருக்கு நாம் ஏன் உலோகத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சாரலையே அரங்காக்கிக் காட்டுகிறார். அசையும் மூங்கிலில் விழுந்த துளைகளின் வழியே மேல்காற்று நுழைந்து குழலிசை ஆகிறது. அருவியின் ஒலி முழவாகிறது. வண்டின் ஒலி யாழாகிறது. அந்தக் காற்றுக்கு அவர் சொல்லும் பெயர் கோடை, அதாவது மேற்கிலிருந்து வீசுவது. உங்கள் தோட்டத்துக்கும் மழைக்காலத்தில் மேல்காற்றுத்தானே வரப்போகிறது.

மூங்கிலின் ஒலி தட்டியவுடன் அடங்கிவிடும்; உலோகம்போல் நீண்டு ஒலிக்காது. அதனால் பக்கத்து வீடு வரை அது செல்வதுமில்லை. மூன்று வயது கடந்த மூங்கிலை மழை ஓய்ந்த பிறகு, இப்போது வரும் குளிர் மாதங்களில் வெட்டுங்கள். அமாவாசையை ஒட்டி வெட்டினால் பூச்சி அரிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு, வெட்டிய கழிகளை ஓடும் நீரில் மூன்று நான்கு வாரம் ஊறப்போட வேண்டும். பூச்சிக்கு உணவாகும் மாச்சத்து நீரில் கரைந்து வெளியேறிவிடும். பிறகு நிழலில் நிறுத்திக் காய வையுங்கள்; வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மல்லிகைப்பந்தல் (மோல்மேன்), நவம்பர் 20

உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. மூங்கில் என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. தோட்டம் வீட்டுக்குக் கிழக்கே இருப்பதால், தென்மேற்குக் காற்றை வீடே மறைத்துவிடுகிறது. மழைக்காலத்தில் தெருவில் குடை பறக்கும்போதும் பலா மரத்தடியில் மெழுகுவத்தி அணையாமல் எரியும். காற்றே வராத இடத்தில் மூங்கிலைக் கட்டி என்ன பயன்? மேலும், குழல்களை எந்த நீளத்தில் வெட்ட வேண்டும், எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

சவுக்குத்தோப்பு (தன்லியின்), நவம்பர் 21

மெழுகுவத்திச் சோதனையை நீங்களே செய்து வைத்திருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. வீட்டின் பின்னால் காற்று மறைவு, வீட்டு உயரத்தைப்போலப் பல மடங்கு தொலைவுக்கு நீளும். எனவே உங்கள் தோட்டம் முழுவதும் அந்த மறைவுக்குள்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்கும் தெற்குப் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஒரு சந்து இருக்குமே? அகலமாக வரும் காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடுகிறது. ஒரு கழியின் நுனியில் மெல்லிய துணிக்கிழிசலைக் கட்டி, காற்றுள்ள மாலையில் சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். துணி எங்கே படபடவென்று அடிக்கிறதோ அங்கே வேண்டாம். எங்கே எழுந்தும் விழுந்தும் ஆடுகிறதோ அங்கே கட்டுங்கள். உங்கள் தந்தையின் நாற்காலி அங்கிருந்து குறைந்தது 25 அடியாவது தள்ளி இருக்கட்டும். திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்காகும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது. தலைக்கு மேலே தொந்தரவாக இருந்த ஒலி, தொலைவில் துணையாக மாறிவிடும்.

இனி அளவு. இரு முனையும் கட்டில்லாத குழல் ஒன்று அதிரும்போது, இரண்டு முனைகளிலிருந்தும் நீளத்தில் நூற்றுக்கு 22.4 பங்கு தள்ளியுள்ள இடங்கள் அசைவதில்லை. அந்த இடத்தில் துளையிட்டுக் கயிறு கோத்தால் கயிறு அதிர்வைத் தின்னாது. 60 சென்டிமீட்டர் குழலுக்கு அது மேல்முனையிலிருந்து 13.4 சென்டிமீட்டர். நாக்கு குழலின் நட்டநடுவில் தட்ட வேண்டும். அங்கே தட்டினால் அடிச்சுரம் முழுமையாக எழும், அதற்கு அடுத்து எழும் சுரம் எழாது.

குழலின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் நான்கு மடங்கு உயரும். அதாவது அதிர்வெண் நீளத்தின் இருமடிக்குத் தலைகீழாக மாறுகிறது. காற்று எந்தக் குழலை எப்போது தட்டும் என்பது நம் கையில் இல்லாததால், எந்த இரண்டு சேர்ந்தாலும் முரணாத சுரங்களே வேண்டும். மோகன ராகத்தில் அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே அரைச்சுர இடைவெளி எங்கும் இல்லை. ஆகையால் அது இதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்துகிறது. சட்ஜத்தை 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ரிஷபம் 56.6, காந்தாரம் 53.7, பஞ்சமம் 49, தைவதம் 46.5, மேல் சட்ஜம் 42.4 என்று வரும். ஒரே தடிமனுள்ள உலோகக் குழல்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மூங்கிலுக்குக் கணுவும் சுவரின் தடிமனும் இடத்துக்கு இடம் மாறுவதால், இந்த அளவுகளைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொண்டு, தட்டிக் கேட்டுக் கேட்டுச் சீவிக் குறைக்க வேண்டும். அதற்கு நுட்பமான செவி தேவை. அந்தச் செவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஆறு குழல்களுக்கும் அளவு சொன்னேன் என்றாலும், மூன்றுக்கு மேல் கட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மாடிவீட்டுவாசி (ரங்கூன்), நவம்பர் 22

மூங்கில், அதுவும் மூன்றே குழல், பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு எதிரில் இல்லை என்றால் எனக்கு மறுப்பு இல்லை. கட்டுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாக்கை இரவில் எளிதாகக் கட்டி வைக்க ஒரு சிறு கொக்கியும் இருக்கட்டும்.

மல்லிகைப்பந்தல் (மோல்மேன்), பிப்ரவரி 9

இதுவரை நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் வெட்டிய மூங்கில் மூன்று வாரம் ஓடையில் கிடந்து, இப்போது திண்ணையில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. குழல்களைச் சீவும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். நான் ரம்பத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு துளைக்கு நேரே நூலில் தூக்கிப்பிடித்து, நடுவில் தட்டிக் கேட்டார். மூன்று குழல்களுக்கு நான்கு நாட்கள் ஆயின. ஒன்றைத் தட்டியதுமே "இது வேண்டாம், உள்ளே கீறல் இருக்கிறது" என்று ஒதுக்கிவிட்டார். பிளந்து பார்த்தபோது கணுவுக்குக் கீழே மயிரிழை அளவுக்கு வெடிப்பு இருந்தது. அவர் தேர்ந்துகொண்ட சுரங்கள் சட்ஜம், பஞ்சமம், தைவதம் ஆகியவற்றுக்கு அருகில் இருப்பதாக இசை தெரிந்த என் தம்பி சொல்கிறான். அப்பா எந்தப் பெயரும் சொல்லவில்லை, மூன்றும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று மட்டும் சொன்னார்.

கடையில் வாங்கிய அலுமினியக் குழல்களில் ஏழைக் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் மாண்டலே அண்ணன் சொன்ன இலைத்தகட்டோடு தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் கட்டியிருக்கிறேன். சில மாலைகளில் அது இரண்டு முறைதான் ஒலிக்கிறது. பகோடா மணி கேட்கும் நாளில் அது குறுக்கே பேசுவதாக அப்பாவுக்குத் தோன்றவில்லை.

மல்லிகைப்பந்தல் (மோல்மேன்), ஜூன் 17

மழை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் ஊர் என்பதால், மூங்கிலை வெளியே கட்டாமல், சந்துக்குள் கூரையின் இறவாரத்துக்கு உட்புறமாகக் கட்டினோம். பெருமழை கொட்டும்போது மழையொலியே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அப்போது எதுவும் கேட்க வேண்டியதில்லை. மழை விட்டு, இறவாரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் சந்துக்குள் காற்று நுழைந்து மூங்கிலைத் தொடுகிறது. ஒருமுறை தட்டும்; பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது; பிறகு இரண்டு சேர்ந்து தட்டும்.

மே மாதம் 20ஆம் தேதி மாலை, வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாதபோது, அப்பா பலா மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார்: "காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது, வெளியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள்." கால் மணி நேரத்தில் மழை வந்தது. இப்போது அவர் சந்தின் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்டேன். அவருக்கு ஒலி கேட்பதே இல்லையாம்.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. பருத்திக் கயிறு ஈரத்தில் ஊறி, ஒரு குழல் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. நாக்கு இப்போது நடுவில் தட்டவில்லை. அப்பா அதை உடனே கண்டுபிடித்துவிட்டார். எந்தக் கயிறு நல்லது?

மூங்கில்கரை (பெகு), ஜூன் 17

மீன்வலைக்குப் பின்னும் நைலான் நூலை வாங்குங்கள் அக்கா. ஈரத்தில் பருத்திபோல் உளுத்துப்போகாது. வெயில் பட்டால் ஓராண்டில் வலுவிழக்கும், ஆனால் உங்களுடையது இறவாரத்துக்குள் இருப்பதால் அந்தக் கவலை குறைவு. கட்டுவதற்கு முன் ஒரு செங்கல்லைக் கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும்.